சாமி என்று கூப்பிட்ட இரண்டு நாள்

என் அண்ணனோடு ஆறு வருஷம் நான் பேசவில்லை. கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மாதிரியான பேசாமை இல்லை அது. சூடம் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் பேசாமல் இருந்தேன். எறையூர்ப் பக்கம் நாங்கள் பிறந்த ஊரில், மாரியம்மன் கோயில் வாசலில் சூடத்தைக் கொளுத்தி வைத்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே இவர என் வாயால அண்ணன்னு கூப்புட்டா என் நாக்கு அழுவிப் போவட்டும்" என்று சொன்னேன். பாதி ஊர் நின்று பார்த்தது. அண்ணனும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கையில் பட்ட சூடு ஆற ஒரு வாரம் ஆனது.

காரணம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரணம்தான். அவர் பெண்ணை என் பையனுக்குக் கேட்டிருந்தேன். அவள் தொட்டிலில் கிடந்தபோதே கேட்டது. "உனக்கு இல்லாத பொண்ணா பாப்பா" என்று அண்ணனும் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமாகிக் குரும்பலூருக்கு வந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். கடைசியில் அரியலூரில் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகை அடித்து, தாம்பாளத்தில் வைத்து, முதல் பத்திரிகை உனக்குத்தான் என்று நீட்டினார். தட்டிவிட்டேன்.

என் பையன் அந்தப் பெண்ணை ஒருநாளும் அந்த மாதிரி நினைத்ததில்லை என்பது பிறகு தெரிந்தது. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான், கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான், நன்றாக இருக்கிறான். கோபம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. எனக்கு வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். வந்த புத்தியை ஒப்புக்கொள்ளவும் மனசு வராது.

நான் அப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்தேன். ஒவ்வொரு மாசியிலும் எங்கள் தெருவிலிருந்து சமயபுரத்துக்கு நடந்து போவோம். பூச்சொரிதலுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர வேண்டும் என்று சனிக்கிழமை விடிய நேரத்தில் கிளம்புவோம். முப்பது முப்பத்தைந்து பேர் இருப்போம். பதினைந்து நாளைக்கு முன்னால் மாலை போட்டு, மஞ்சள் துணி உடுத்தி, செருப்பில்லாமல் இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர்தான் எங்களுக்குக் குருசாமி. அவர் கையால் மாலை போட்டுக்கொண்ட பிறகு யாருக்கும் பேர் கிடையாது, முறை கிடையாது. ஆம்பளை, பொம்பளை, மாமியார், மருமகள் எல்லாரும் சாமி. ஒரு வருஷம் என் வீட்டுக்காரரும் மாலை போட்டார். அந்தப் பதினைந்து நாளும் அவரைச் சாமி சாமி என்று கூப்பிட்டதில் வீட்டில் சண்டையே வரவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷ மாசியில் நாங்கள் கிளம்பப் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் கூடியபோது, கூட்டத்தின் கடைசியில் அண்ணன் நின்றிருந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் ஒரு துணிப்பை. இளைத்துப் போயிருந்தார். குருசாமியிடம் போய், "இவரு எப்படி நம்ம கூட்டத்துல" என்று கேட்டேன்.

"பதினஞ்சு நாளைக்கு முன்னாலயே எறையூருலேருந்து பஸ் ஏறி வந்து எங்கிட்ட மாலை போட்டுக்கிட்டுப் போனாரு. சாமி வர்றேன்னா வேணாம்னு சொல்ல நான் யாரு" என்றார் குருசாமி. எங்கள் கதை அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி பூத்தட்டை எடுத்து என் தலையில் வைத்துவிட்டார்.

பெரம்பலூர் நான்கு ரோடு வரும்வரை அண்ணன் பின்னால் நடந்தார், நான் முன்னால் நடந்தேன். அங்கே டீக்கடை ஓரம் எல்லாரும் நின்றோம். பக்கத்தில் ஒரு கை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டியது.

"தண்ணி குடிக்கிறீங்களா சாமி."

என் அண்ணன் என்னை வாங்க போங்க என்று பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். அண்ணன் என்று கூப்பிட மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன். சாமி என்று கூப்பிட மாட்டேன் என்று பண்ணவில்லையே. ஆத்தாவே ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"குடுங்க சாமி" என்று வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்துதான் நடந்தோம். முதல் ஒரு மைல் தூரம் வெயிலைப் பற்றி மட்டும் பேசினோம். பிறகு அவர், "சாமியோட பையன் சௌரியமா இருக்காருங்களா" என்று கேட்டார்.

"இருக்காரு சாமி. பேரன் பொறந்து எட்டு மாசம் ஆவுது."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "யாரும் சொல்லலிங்களே" என்றார். பிறகு, "எனக்கும் ரெண்டு பேத்தி சாமி" என்றார். அது எனக்குத் தெரியும். அவர் வீட்டில் நடப்பதெல்லாம் யார் மூலமாவது தெரிந்துகொண்டுதான் இருந்தேன். அவருக்குச் சர்க்கரை வந்திருப்பதும் அப்படித்தான் தெரியும்.

"ஒடம்புல சர்க்கரைன்னு சொன்னாங்களே சாமி."

"ஆலைக்குக் கரும்பு அனுப்பி அனுப்பி, மிச்சம் மீதி என் ஒடம்புலயே தங்கிப் போச்சு சாமி" என்று சிரித்தார். சின்ன வயதில் என்னை அழ விட்டுச் சிரிக்க வைத்த அதே குரல்.

பேச்சு அம்மாவைப் பற்றி வந்தது. வராமல் எப்படி இருக்கும், அம்மாவும் ஒரு காலத்தில் இதே ரோட்டில் நடந்து போனவள்தான். "எங்க அம்மா கொப்புளத்துக்கு வேப்பிலை அரைச்சுக் கட்டும்" என்றார் அவர். "எங்க அம்மாவும் அப்படித்தான் சாமி" என்றேன் நான். ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு, எங்க அம்மா என்று அவரும் சொன்னார், எங்க அம்மா என்று நானும் சொன்னேன். நம்ம அம்மா என்று சொல்ல இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. சாமிக்கும் சாமிக்கும் ஒரு அம்மா எப்படி இருக்க முடியும்.

சிறுவாச்சூரில் சனிக்கிழமை என்பதால் காளியம்மன் கோயில் நடை சாத்தியிருந்தது. ரோட்டில் நின்றபடியே கும்பிட்டோம். பக்கத்தில் பந்தல் போட்டு நடந்து வருகிறவர்களுக்குப் பானகம் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு டம்ளர் வாங்கி வாயருகே கொண்டு போனார். "வேணாம் சாமி, வெல்லம்" என்றேன். குடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு சொல்லில் கேட்டுக்கொண்டார் என்பது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை வெளியே காட்டவில்லை.

ஆலத்தூர் கேட் தாண்டியதும் ரோடு ரோடாக இல்லை. நாலு வழிச் சாலைக்காக ஓரமெல்லாம் வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கே கால் வைத்தாலும் ஜல்லி. ஜல்லி இல்லாத இடத்தில் புதுத் தார், வெயிலில் கொதித்துக்கொண்டு கிடந்தது. எல்லாரும் ஆ ஊ என்று குதித்துக் குதித்து நடந்தோம். எனக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம் கிளம்பிவிட்டது. அண்ணன் மட்டும் நேராக நடந்தார். ஜல்லி மேலே வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி நடந்தார். பின்னால் வந்த பக்கத்து வீட்டு அக்கா என் முழங்கையை இடித்து, "அந்தச் சாமியப் பாரு, ஆத்தா பூவுல நடத்திக் கூட்டிட்டுப் போறா" என்றாள்.

எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். பொறாமையாக இருந்தது. வருஷம் தவறாமல் வருகிறவள் நான். ஏமாற்றப்பட்டவள் நான். எனக்குக் கொப்புளம், அவருக்குப் பூவா என்று ஆத்தாவிடமே சண்டை போட்டுக்கொண்டு நடந்தேன்.

பாடாலூருக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில்தான் வருஷா வருஷம் தங்குவோம். எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்து அவரவர் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் எழுந்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி இடது தொடையின் மேல் வைத்து, உள்ளங்காலை என் பக்கம் திருப்பினார். பெரியவர்கள் யாரும் இன்னொருத்தருக்கு உள்ளங்காலைக் காட்ட மாட்டார்கள். அவர் காட்டினார்.

"இங்க பாருங்க சாமி."

பெருவிரலுக்குக் கீழே தோல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உரிந்து போயிருந்தது. நடுவில் ஒரு ஜல்லித் துண்டு பதிந்து, சுற்றிலும் ரத்தம் காய்ந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

"வலியே இல்ல சாமி. குத்துனதுகூடத் தெரியல" என்றார்.

அதற்குள் அக்காவும் இன்னும் நாலு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். இவ்வளவு காயத்துக்கும் வலி இல்லையென்றால் அது ஆத்தா இல்லாமல் வேறு யார் என்றாள் அக்கா. குருசாமி வந்து கல்லை எடுத்துவிட்டு மஞ்சளையும் வேப்பிலையையும் வைத்துக் கட்டினார். அவர் கல்லைப் பிடுங்கும்போதுகூட அண்ணன் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவு நேரமும் அண்ணன் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்புதான். சர்க்கரைக்காரர் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போட்டிருப்பதை நான் படித்திருக்கிறேன். ஏன் என்று தெரியாது, கூடாது என்பது தெரியும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. செருப்பைப் போட்டுக்கொள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மாலை போட்ட சாமியைப் பார்த்து இன்னொரு சாமி செருப்புப் போடச் சொல்ல முடியாது. அதை அண்ணனைப் பார்த்துத் தங்கச்சிதான் சொல்ல முடியும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அண்ணே என்று கூப்பிட வேண்டும்.

"உங்களுக்கு என்ன கொற சாமி. ஆத்தாதான் கூடவே வர்றாளே" என்றேன். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. இல்லை என்று இன்றைக்கு மறைக்க மாட்டேன்.

அவர் காலைக் கீழே இறக்கிக்கொண்டார். "ஆமா சாமி" என்றார். எழுந்து ஆண்கள் படுத்திருந்த பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பினோம். அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை. காலில் கட்டிய துணி சிறுகனூர் வருவதற்குள் அவிழ்ந்து போனது. அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். மதியத்துக்குள் சமயபுரம் போய்விட்டோம். கூட்டம் நெருக்கித் தள்ளியது. என் தட்டிலிருந்த பூவையும் அவர் வாங்கி வைத்திருந்த பூவையும் ஒன்றாகக் கொட்டிக் கொடுத்தோம். நடந்து முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் அக்கா அழுதாள். நானும் அழுதேன். அண்ணன் எனக்கு ஒரு துண்டை நீட்டினார், "தொடச்சுக்குங்க சாமி" என்றார். அவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

வெளியே வந்ததும் குருசாமி வரிசையாக மாலையைக் கழற்றினார். என் மாலையையும் கழற்றினார், அண்ணன் மாலையையும் கழற்றினார். கழற்றிய நிமிஷத்திலிருந்து எல்லாரும் பழைய ஆட்கள் ஆனார்கள். சுற்றிலும் அத்தை, மாமா, ஏண்டி, வாடா என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. எனக்கும் அவருக்கும் கூப்பிட ஒரு சொல் இல்லை. கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக நின்றார். நான் கூப்பிடுவேன் என்று நின்றார். அது எனக்குத் தெரிந்தது. அங்கேயே, அதே ஆத்தா முன்னால் ஒரு சூடத்தைக் கொளுத்தி, தெரியாமல் சொல்லிவிட்டேன் தாயே என்று கும்பிட்டிருந்தால் சத்தியம் தீர்ந்திருக்கும். சூடம் விற்கிற கடை இரண்டடி தூரத்தில் இருந்தது. முதலில் அவர் பாப்பா என்று கூப்பிடட்டும் என்று நான் நின்றேன். கூப்பிட்டால் அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று அவர் பயந்திருப்பார். என் வாயைத் தெரிந்தவர் அவர்.

பெரம்பலூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் வேறு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பைப் பையிலிருந்து எடுத்துக் காலில் மாட்டப் பார்த்தார். வலது கால் வீங்கியிருந்ததால் வார் ஏறவில்லை. கையில் எடுத்துக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் நாலு வாரம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். அண்ணி போன் பண்ணியதாகச் சொன்னார். அண்ணனைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். களைந்த அரிசியைக் கூட வேலை பார்ப்பவளிடம் கொடுத்துவிட்டுக் கட்டியிருந்த புடவையோடு பஸ் ஏறினேன்.

வார்டு வாசலிலேயே அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது இதுதான். நடந்துபோனதில் வந்த புண் ஆறவில்லை. வலிக்கவில்லை என்பதால் அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தாவுக்கு நடந்த கால், ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று மஞ்சளையே பூசிக்கொண்டிருந்தார். விரல் கறுத்து நாற்றம் எடுத்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். சர்க்கரை முற்றினால் கால் மரத்துப்போகும், முள் ஏறினாலும் தெரியாது, வலி இல்லை என்பதுதான் நோயே என்று டாக்டர் திட்டினாராம். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கும்பிட்டது அந்த நோயைத்தான்.

அண்ணன் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். போர்வை இடது பக்கம் பாதம் வரை மேடாக இருந்தது. வலது பக்கம் பாதியிலேயே தட்டையாகிப் போயிருந்தது. என் நாக்கு அழுகட்டும் என்று சொன்னவள் நான். அழுகியது அவர் கால். இதற்கு மேல் எனக்கு என்ன பயம் இருக்கிறது என்று தோன்றியது.

"அண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "வா பாப்பா, உக்காரு" என்றார். "சோறு தின்னியா."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்குத் தெரியும் அண்ணே, வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், பாடாலூர்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லாம வுட்டுட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நான் ஓய்ந்த பிறகு அவர் தலையணையில் தலையைக் கொஞ்சம் திருப்பிச் சொன்னார்.

"நீ திட்டுவேன்னுதான் பாப்பா காலத் தூக்கிக் காட்டுனேன். அந்தக் காயத்தப் பாத்தா நீ சும்மா இருக்க மாட்ட, சத்தியமாவது மண்ணாவதுன்னு அண்ணேன்னு கத்தித் திட்டிப்புடுவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா ஆத்தா கூட வர்றான்னு சொல்லிப்புட்ட."

குறை சொல்கிற குரல் இல்லை அது. சின்ன வயதில் வைத்த ஒரு பந்தயத்தில் தோற்றுப்போன மாதிரி சொன்னார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஆறு வருஷத்துக் கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. "ஒனக்கு அறிவு இருக்கா அண்ணே" என்று ஆரம்பித்தேன். எங்கிட்டப் பேச வேணும்னா வூட்டுக்கு வந்து கதவத் தட்ட வேண்டியதுதானே, காலக் குடுத்தா கேப்பாங்க ஒரு வார்த்தைய, செருப்பப் போட்டு நடந்தா ஆத்தா என்ன கழுத்தையா நெரிச்சிருப்பா, பெத்த புள்ளைக்குக் கால் புண்ணாவணும்னு எந்த ஆத்தா கேட்டா, நம்ம அம்மா இருந்திருந்தா ஒன்ன வெறுங்காலோட வாசல் தாண்ட வுட்டிருக்குமா என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நர்ஸ் வந்து அமைதியாக இருக்கச் சொன்னாள், அண்ணன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டி, இருக்கட்டும் விடும்மா என்றார். நான் நிறுத்தவில்லை. இனிமே செருப்பில்லாம ஒரு அடி எடுத்து வச்சேன்னு கேள்விப்பட்டேன் அவ்வளவுதான், வூட்டுக்குள்ளகூடப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கணும், கேட்டுச்சா என்று கத்தினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"சரி பாப்பா" என்றார். "போட்டுக்கறேன்."